கதையை மாவட்டம் மாற்றிப் பாருங்கள்

மழை, காயல், தென்னந்தோப்பு எல்லாம் கேமரா வேலை. ஒரு மலையாளப் படத்தில் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கதையைத் தூக்கி வேறு மாவட்டத்தில் வையுங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அந்த ஊர் வெறும் செட்தான்.

தொண்ணூறுகளின் பெரிய படங்கள் பல இதில் தேறாது. 'தேவாசுரம்' (1993), 'ஆறாம் தம்புரான்' (1997) இரண்டும் ஒற்றப்பாலம் பக்கத்து வரிக்காசேரி மனை என்ற பழைய நம்பூதிரி வீட்டில் எடுத்தவை. அந்த நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு வீடும், ஒற்றப்பாலத்தைச் சுற்றிய வள்ளுவநாட்டு மேல்சாதிப் பேச்சும்தான் கேரளம் என்று ஆனது. மலப்புறத்துப் பேச்சு பெரும்பாலும் சிரிப்புக் காட்சிக்கு மட்டும் வந்தது.

திலீஷ் போத்தனின் 'தொண்டிமுதலும் த்ரிக்சாக்ஷியும்' (2017) வேறு ரகம். வேம்பநாட்டுக் காயலோரத்து ஜோடி ஒன்று சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, வீட்டு எதிர்ப்பால் கேரளத்தின் வடகோடியில் உள்ள காசர்கோட்டுக்குப் போகிறது. தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குக் காய்ந்த மண். போர்வெல் போட்டால்தான் விவசாயம், அதற்குச் சங்கிலியைப் பணமாக்க வேண்டும். பஸ்ஸில் திருடன் அதை அறுத்து விழுங்கிவிடுகிறான். ஸ்டேஷனில் வாழைப்பழமாக ஊட்டி, அது வெளியே வரக் காத்திருக்கிறார்கள். போலீஸாக நடித்தவர்களில் பலர் நிஜப் போலீஸ்காரர்கள். வழக்கை எப்படி எழுதினால் நமக்குத் தலைவலி இல்லை என்று அவர்கள் யோசிக்கும் விதத்திலேயே அது தெரியும். இந்தக் கதையைக் காயலோரத்திலேயே விட்டால் போர்வெல் வேண்டாம், சங்கிலி கழுத்திலேயே இருக்கும், படமே கிடையாது.

'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வும் (2018) அப்படித்தான். மலப்புறத்தின் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தாட்டம், அதில் காசுக்கு ஆட வரும் ஆப்பிரிக்க வீரர்கள், டீம் நடத்திக் கடனாளியாகும் மேனேஜர். இதைக் கோட்டயத்துக்கு நகர்த்த முடியாது.

ஒரு யோசனை: தமிழ் டப்பிங் வேண்டாம். காயலோரத்துப் பேச்சும் காசர்கோட்டுப் பேச்சும் அதில் ஒரே குரலாகிவிடும், அந்த ஜோடி அந்நியர் என்பதே காதில் விழாது. மலையாள ஒலியோடு சப்டைட்டில் போதும்.

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) மட்டும் இந்த அளவுகோலை உடைக்கிறது. ஒழுகும் சிங்க், பிளம்பரைக் கூப்பிட மறக்கும் புருஷன், விறகடுப்பில் வடித்த சோறும் கையால் அரைத்த சட்னியும் கேட்கும் மாமனார். எந்த மாவட்டத்திலும் நிற்கும் கதை, ஆனாலும் செட் இல்லை. தமிழில் 2023இல் மீண்டும் எடுத்தார்கள். படத்தில் வருவது போல சபரிமலைக்கு மாலை போடும் வீடு இங்கேயும் தெருவுக்கு நாலு இருக்கிறதே.