மூன்றாவது ஊசிக்கும் நான்காவது ஊசிக்கும் நடுவே

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். பின்வீட்டுச் சாச்சி மதியம் ஒரு தூக்குச்சட்டி நிறைய பிரியாணி கொடுத்தார்கள். அம்மாவுக்கு வாசனை ஆகாது என்று தெரியும், அதனால் மூடியை இறுக்கி மேலே துணி கட்டி, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே என் கையில் தந்துவிட்டுப் போனார்கள். ஆறட்டும் என்று வைத்திருந்து, மூன்று மணிக்கு அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். "என்னட்டி அது மேல, செவசெவன்னு?"

பொரித்த பல்லாரி, பெரிய வெங்காயம். மேலாக ஒரு பிடி எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு இழையாக எடுத்து வாயில் போட்டாள். தீர்ந்த பிறகும் இலையை விரலால் தடவிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ ஊசி போட்டதற்கு அப்புறம் அவளாகக் கேட்டுச் சாப்பிட்டது இது ஒன்றுதான்.

ஜூன் 18, செவ்வாய்

நானே செய்துவிடலாம் என்று மூன்று பல்லாரியை நறுக்கினேன். எண்ணெய் நன்றாகப் புகைந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே தடவையாகக் கொட்டிவிட்டேன். ஓரம் கரிந்தது, நடு வெள்ளையாகத் தொய்ந்து கிடந்தது. அது போகட்டும். வாசனை உள்ளறை வரைக்கும் போய்விட்டது. அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். காலையில் கெஞ்சிக் கூத்தாடி ஊட்டிய ஒன்றரை இட்லியும் வெளியே வந்தது.

ஆறிய வெங்காயம் பிடிக்கிறது, பொரிகிற வாசனை ஆகவில்லை. இதை நான் நேற்றே யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

அரை டம்ளர் கஞ்சி. பிறகு ஒன்றுமில்லை.

ஜூன் 20, வியாழன்

ஒற்றை அடுப்பையும் சின்ன சிலிண்டரையும் புறவாசலில் தகரச் சார்ப்புக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். அம்மா அறை ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். வாசனைக்கு வழி கண்டாயிற்று, ஆனால் சாரலை என்ன செய்வது? ஆரியங்காவு கணவாயிலிருந்து காற்று நேராகச் செங்கோட்டையில் எங்கள் புறவாசலுக்குத்தான் வருகிறதோ என்று தோன்றியது. தீ படுத்துப் படுத்து எழும்புகிறது. எண்ணெய் ஒரு நிமிடம் சூடாக இருக்கிறது, அடுத்த நிமிடம் ஆறிவிடுகிறது. சாரல் துளி ஒன்று சட்டிக்குள் விழுந்து தெறித்ததில் மணிக்கட்டில் கொப்புளம். தார்ப்பாயைக் கொடிக்கயிற்றில் மறைப்பாகக் கட்டி, இரண்டு பக்கமும் செங்கல்லை அண்டக்கொடுத்து, திரும்பவும் பற்றவைத்தேன்.

நிறம் வந்தது, மொறுமொறுப்பு வரவில்லை. மெல்லிசாக நறுக்கியது கருகிவிட்டது, தடித்தது வேகாத மாதிரி இருக்கிறது. இருந்தாலும் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். அம்மா ஒன்றை மென்றுவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். என் மனம் நோகக் கூடாதென்று, "அப்புறமா தின்னுக்கிடுதேன்" என்றாள்.

எவர்சில்வர் தட்டு, கரண்டி எதுவும் ஆகவில்லை, எல்லாம் இரும்பு நக்குகிற மாதிரி இருக்கிறதாம். ஊட்டினால் மரக்கரண்டி, மற்றபடி இலைதான். கொல்லையில் இரண்டு வாழைதான் நிற்கின்றன, இலை ஏற்கெனவே தீரப் பார்க்கிறது.

ஜூன் 21, வெள்ளி

விடியுமுன் கொல்லம் போகிற ரயில் சத்தம். அம்மாவும் விழித்துத்தான் கிடந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் 22, சனி

சாச்சியை வரச் சொன்னேன். பத்தனாபுரத்தில் பிறந்தவர்கள், கட்டிக்கொடுத்து இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் பல்லாரியைச் 'சவாள' என்றுதான் சொல்வார்கள். புறவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என்னை ஒன்றும் தொட விடாமல், முதலில் கத்தியை வாங்கிப் பார்த்தார்கள். மொட்டை. அருவாமனையைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

தலையையும் வேரையும் சீவி, நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து, அந்த நெட்டு வாக்கிலேயே அரிய வேண்டும். குறுக்கே அரிந்தால் பொரியும்போது துண்டு துண்டாக ஒடிந்துவிடும் என்றார்கள். எல்லா இழையும் ஒரே கனம், அதுதான் முக்கியம். பிறகு கையால் ஒவ்வோர் அடுக்காக உதிர்த்து, பழைய வேட்டியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம். உப்பு கிட்டவே வரக் கூடாது, அது தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்துவிடும், ஆறிய பிறகுதான் தூவ வேண்டும். மாவு வேண்டாமா என்று கேட்டேன். கடைக்காரர்கள் சோளமாவு தூவுவார்கள், கொஞ்ச நேரம் மொறுமொறுவென்று இருக்கும், இந்த ஈரக்காற்றில் அந்த மாவே முதலில் நமத்துவிடும் என்றார்கள்.

எண்ணெய் புகையக் கூடாது. ஓர் இழையைப் போட்டால் மெதுவாக நுரைத்து மேலே வர வேண்டும். இரண்டு பிடிக்கு மேல் போடக் கூடாது. போட்டதும் ஒரே நுரை, சலசலவென்று சத்தம். "தண்ணி போகுது பாரு, அது போகட்டும், அவசரப்படாதே." பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தார்கள். நுரை அடங்கிச் சத்தம் மெலிந்தபோது என் கையை அழுத்திப் பிடித்தார்கள். இனிமேல் கண்ணை எடுக்கக் கூடாது என்று அர்த்தம். வைக்கோல் நிறம் பொன்னிறம் ஆகிற நேரத்தில் ஜல்லிக்கரண்டியால் வாரிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே என்றேன். எடுத்த பிறகும் அதற்குள் இருக்கிற சூட்டில் தானாகச் சிவக்கும், நாம் ஆசைப்படுகிற நிறம் சட்டியிலேயே வந்துவிட்டால் தட்டுக்கு வரும்போது கசந்துவிடும் என்றார்கள்.

காகிதத்தில் கொட்டிக் குவித்து வைக்காமல் உடனே விரல் நுனியால் கலைத்துப் பரப்பினார்கள். சூட்டோடு மூடினால் ஆவியிலேயே தொய்ந்துவிடுமாம். அப்போதும் அது தொய்வாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் ஓர் இழை 'டக்' என்று ஒடிந்தது.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. எழுந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பிடியையும் நானும் சாச்சியும் சாப்பிட்டோம்.

ஜூன் 24, திங்கள்

போன் செய்கிறவர்கள் எல்லாம் என்ன சாப்பிடக் கொடுக்கிறாய் என்று கேட்கிறார்கள். மாதுளை கொடு, பீட்ரூட் கொடு, ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடு. வாயில் வைத்தால் இறங்க வேண்டாமா? இன்றைக்கு மூன்று பேருக்குப் போனை எடுக்கவில்லை.

தம்பி மட்டும் கொச்சியிலிருந்து ராத்திரி பேசினான். வெங்காயத்தைப் பற்றித்தான் கேட்டான். நூறு கிராம் வெங்காயத்தில் 89 கிராம் தண்ணீராம். தண்ணீர் இருக்கிற வரைக்கும் அதன் சூடு 100 டிகிரியை விட்டு மேலே ஏறாது, சிவப்பதற்கு 140 பக்கத்தில் வர வேண்டும், அதனால்தான் அவ்வளவு நேரம் வெளுத்தே கிடந்து கடைசியில் ஒரே நிமிடத்தில் நிறம் மாறுகிறது என்றான். சாச்சி சொன்னதும் அதுதான். பேசிக்கொண்டே இருந்தவன், "யக்கா, அம்மா என்னைய கேட்டாளா?" என்றான். கேட்டாள் என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

ராத்திரி 9 மணிக்கு அம்மாவுக்கு உடம்புச் சூடு 99.4. பத்தேகாலுக்கு 99.8. 100.4 தொட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஊசி போட்டு இன்றைக்குப் பதினோராவது நாள், ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்குகிற நாள். டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன், போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன் அக்கா என்றார். பை கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். புளியரை தாண்டி, கோட்டைவாசல் ஏறி, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறேன். மழையில் அந்த எஸ் வளைவில் ஒரு மரலாரி நின்றுவிட்டால் என்ன செய்வது? தென்காசியிலேயே சேர்த்துவிட்டு அங்கே போன் செய்து கேட்பதா? யாரைக் கேட்பது? அம்மா நெற்றியில் கை வைத்தால் சுடுகிறதா என் கைதான் குளிர்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை பார்க்காதே, என்னைத் தூங்க விடு என்கிறாள். பதினொன்றரைக்கு 99.6. ஒரு மணிக்கு 99.6. சாரல் தகரத்தில் விழுகிற சத்தம் எண்ணெய் பொரிகிற சத்தம் மாதிரியே இருக்கிறது. இரண்டரைக்குப் பார்க்க வேண்டும்.

ஜூன் 26, புதன்

98.4.

ஜூன் 29, சனி

பாவூர்சத்திரம் சந்தைக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தார். கேரளாவுக்கு ஏற்றுகிற லாரியிலிருந்து இறக்கிய மாதிரி நல்ல காய்ந்த சரக்கு. அதில் தண்ணீர் குறைவு என்பதால் சீக்கிரம் பொரிந்தது, மணமும் பல்லாரியை விட நன்றாக இருந்தது. ஆனால் உரிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது, குட்டிக் குட்டித் துண்டுகள் பிடிக்கு அகப்படாமல் இலையிலேயே உருண்டன. இரண்டு தடவை முயன்றுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊட்டவா என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனிமேல் பல்லாரிதான். நீள இழை.

ஜூலை 1, திங்கள்

இன்றைக்குச் சாரல் இல்லை. குண்டாறு பக்கம் மலை முழுசாகத் தெரிந்தது. காலை பத்து மணிக்குள் அரைக் கிலோ பல்லாரியை அரிந்து, உலர்த்தி, ஐந்து ஈடாகப் பொரித்து முடித்தேன். அரைக் கிலோ போட்டதற்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் தேறியது. எண்ணெயை வடிகட்டி வைத்திருக்கிறேன், குழம்பு தாளிக்க அதை மிஞ்சி ஒன்று கிடையாது.

ஆறின பச்சரிசிச் சோற்றைக் குழைத்து, புளிக்காத தயிர் விட்டு, இலையில் ஓரமாக வெங்காயம் வைத்தேன். அம்மா ஒரு வாய் சோறு, இரண்டு இழை வெங்காயம் என்று ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து வேறு எங்கோ பார்க்கிற மாதிரி இருந்தேன். மெல்லும்போது தாடை ஓரத்தில் ஒரு நரம்பு ஏறி இறங்குகிறது. கருக், கருக் என்று எனக்கே கேட்டது. நடுவில் நிறுத்திவிட்டு, "ருசி ஒண்ணும் தெரியலட்டி. சத்தம் தெரியுது" என்றாள்.

பதினாறு வாய். எண்ணினேன்.

ஜூலை 3, புதன்

நமத்துவிட்டது. மூடியை இறுக்கித்தான் வைத்தேன். இந்த ஊரில் ஆனி ஆடியில் அப்பளமே டப்பாவுக்குள் ஈரம் கோக்கும். திரும்ப எண்ணெயில் போட்டால் கரியும் என்று பயம். வெறும் சட்டியை மிகச் சின்னத் தீயில் வைத்துப் பரப்பிப் புரட்டிக்கொண்டே இருந்தேன், முக்கால்வாசி திரும்பி வந்தது. சாச்சி, வறுத்த அரிசியைத் துணியில் பொட்டலமாகக் கட்டிப் பாட்டிலின் அடியில் போடச் சொன்னார்கள். தம்பி, ஃப்ரீசரில் வை என்றான். இரண்டும் செய்திருக்கிறேன், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வெளியே, ஒரு டப்பா உள்ளே.

அம்மா கேட்டாள், "எத்தன நாளைக்குக் காணும்?"

ஜூலை 4, வியாழன்

எண்ணிக்கை 900. அடுத்த ஊசி போட 1,500 வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள், நாளைக்கு வர வேண்டாம், ஒரு வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் பாருங்கள். டிரைவருக்குச் சொல்லியாயிற்று. அம்மாவிடம் சாயங்காலம்தான் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "அப்போ பையப் பிரிச்சிரு" என்றாள்.

எனக்குத்தான் அழுகையும் ஆத்திரமும் வந்தன. நான் சரியாகச் சாப்பிடக் கொடுக்கவில்லையோ? வெங்காயம் வெங்காயம் என்று அதன் பின்னாலேயே அலைந்து முட்டையைக் கோட்டைவிட்டேனோ?

ஜூலை 6, சனி

முட்டை வெள்ளை இரண்டு, நன்றாக வேகவைத்து, பொடியாக உதிர்த்து, மேலே பொரித்த வெங்காயம். இறங்கியது. நாளைக்கும் இதே.

ஜூலை 8, திங்கள்

சாயங்காலம் அம்மா புறவாசலுக்கே வந்துவிட்டாள். மூக்கில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். போம்மா உள்ளே என்று கத்தினேன், கேட்கவில்லை. நுரை அடங்குவதைப் பார்த்து, "இப்ப எடு" என்றாள். எனக்கு இன்னும் பத்து விநாடி இருக்கிற மாதிரி தெரிந்தது. அவள் சொன்னதற்காக எடுத்தேன். இதுவரை வந்ததிலேயே இதுதான் சரியான நிறம்.

அப்புறம் பழைய பேச்சு. அவள் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் கொச்சியோடு இருந்தது, 1956 நவம்பர் 1இல்தான் இந்தப் பக்கம் வந்தது. ஆச்சி கடைசி வரைக்கும் தேங்காய் எண்ணெயில்தான் உள்ளி பொரிப்பாளாம். அங்கே வார்டில் நர்ஸ் "எந்து கழிச்சு அம்மே?", என்ன சாப்பிட்டீங்கம்மா, என்று கேட்டால் அம்மா டக்கென்று மலையாளத்திலேயே பதில் சொல்வது அதனால்தான். அடுத்த தடவை அந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் கட்டிக் கொடு என்றாள்.

வாந்தி எடுக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

2,300.

ராத்திரி மூன்று மணிக்கு வண்டி. பையில் ஃபைல், சால்வை, வெந்நீர் பிளாஸ்க், வாழை இலை ஆறு துண்டு, மரக்கரண்டி. தேங்காய் எண்ணெயில் ஒரு ஈடு போட்டுப் பார்க்கலாம் என்று இப்போதுதான் அடுப்பை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். காற்று மறுபடி தொடங்கிவிட்டது, தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து அடிக்கிறது, அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்