‘எப்படித் தெரியும்?’ – அணுமின் நிலையத்தில் 8 வாரம்

அணுமின் நிலையத்தில் இன்டர்ன்ஷிப் என்றதும் நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “ரியாக்டரைப் பார்ப்பியா?” 8 வாரத்தில் நான் அதிகம் பார்த்தது ஒரு தண்ணீர் பம்ப்பை. மெக்கானிக்கல் மூன்றாம் வருடத்தில் இருந்தேன்.

இடம் கிடைப்பதைவிட உள்ளே நுழைவதுதான் நீண்ட வேலை. அடையாளச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை என்று மாதக்கணக்கில் போகும். செமஸ்டர் விடுமுறை நெருங்கும்போது விண்ணப்பித்தால் நேரம் போதாது. முந்தைய செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள். படிவத்தில் பெயரின் எழுத்தும் தேதிகளும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். என் இனிஷியல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்ததில் 10 நாள் போனது.

முதல் வாரம் முழுக்க வகுப்புதான். கதிர்வீச்சைக் குறைக்க மூன்று வழி: நேரம், தூரம், தடுப்பு. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குப் புதிதாக இருந்தது அங்கே பேசும் விதம். ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்லவேண்டும். முதலாமவர் “சரி” என்ற பிறகுதான் கை நகரும். இரண்டு நாளைக்கு நாடக ஒத்திகை மாதிரி கூச்சமாக இருந்தது. பம்ப் இரைச்சலில், காதில் அடைப்பானோடு நின்றபோது கூச்சம் போய்விட்டது.

1979 மார்ச் 28-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததைச் சொல்லிக்கொடுத்தவர், விபத்தைவிட ஒரு சின்ன விளக்கைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அது மூடிவிட்டது போலக் காட்டியது. காரணம், அந்த விளக்கு காட்டியது ‘மூடு’ என்று சிக்னல் போனதை மட்டுமே. வால்வு உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அல்ல. அந்த வால்வு இருந்த குழாயைத் தனியாக அடைக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. உலையை நிறுத்திவிட்டால் வெப்பமும் நின்றுவிடுமா என்றால், இல்லை. நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் சுமார் 6 முதல் 7% எஞ்சிய வெப்பம் வந்துகொண்டிருக்கும். 3000 மெகாவாட் வெப்பத்திறன் உள்ள உலையில் அது ஏறத்தாழ 200 மெகாவாட். அதை எடுக்கத் தண்ணீர் வேண்டும். அங்கே அந்தத் தண்ணீர்தான் வெளியேறிக்கொண்டிருந்தது.

கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் மூன்று முறைதான் போனேன், அதுவும் கூடவே ஒருவர் வர. உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் பேட்ஜ், பக்கத்தில் எண் காட்டும் டோசிமீட்டர். பேனாவைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் விட்டார்கள். ஏதாவது தவறி அமைப்புக்குள் விழுந்தால் அப்புறம் அதைத் தேடுவதே பெரிய வேலை. திரும்பும்போது தாழ்வான ஒரு தடுப்புப் பலகையில் உட்கார்ந்து, ஒரு காலின் மேலுறையைக் கழற்றி, அந்தக் காலைச் சுத்தமான பக்கம் வைத்து, பிறகு மற்றக் காலை. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. முதல் தடவை நான் கழற்றிய காலை மறுபடியும் பழைய பக்கமே வைத்துவிட்டேன். கூட வந்தவர் ஒன்றும் சொல்லாமல் புதுக் காலுறையை நீட்டினார்.

இரண்டாம் முறை வெளியேறும்போது, கதிரியக்கத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வாயிலில் அலாரம் அடித்தது. எனக்குக் கை நடுங்கியது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஊழியர் கருவியை முதுகுப் பக்கம் நகர்த்திக்கொண்டே, “பாலியஸ்டரா தம்பி?” என்றார். காற்றில் இயற்கையாகவே இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் சிதைவுத் துகள்கள், நிலைமின்னேற்றம் உள்ள துணியில் ஒட்டிக்கொள்ளுமாம். அது எப்படி உறுதி என்று கேட்டேன். “உட்காருங்க, அரை மணிக்கு ஒரு தடவை அளப்போம். ரேடான்னா பாதிபாதியாக் குறையும்” என்றார். குறைந்தது. மறுநாளிலிருந்து பருத்திச் சட்டை. அன்று டோசிமீட்டர் காட்டியது 1 மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அலகு). இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் வருடத்துக்குச் சுமார் 2400 மைக்ரோசீவர்ட். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். “அலாரம் ஏன் அடிச்சுது?” என்பதிலேயே நின்றார்.

என் புராஜெக்ட், டர்பைன் கட்டடத்தில் மூன்று குளிர்நீர் பம்ப்களின் அதிர்வை அளந்து, பழைய பதிவுகளோடு ஒப்பிடுவது. ஐந்தாம் வாரம் ஒரு பம்ப்பில் அளவு திடீரென்று இரண்டு மடங்காக ஏறியது. மோட்டார் நிமிடத்துக்கு 1485 சுற்று, அதாவது 24.75 ஹெர்ட்ஸ். வரைபடத்தில் அதன் இரட்டிப்பான 49.5-ல் கூர்மையான முகடு. வகுப்பில் படித்தபடி, இரட்டிப்பில் முகடு வந்தால் முதல் சந்தேகம் அலைன்மென்ட், அதாவது மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் நேர்கோட்டில் இல்லையோ என்பது. ஒரே இரவில் 6 பக்க அறிக்கை எழுதி, காலையில் வழிகாட்டியிடம் பெருமையாக நீட்டினேன்.

அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. “சென்சாரை எங்க வெச்சீங்க?”

“பேரிங் மேல, சார். மார்க் இருக்கிற இடத்துல.”

“எப்படித் தெரியும்?”

பம்ப்புக்குப் போனோம். புதுப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். பழைய மார்க்கர் வட்டம் அதற்கடியில் போய்விட்டது. வட்டம் தெரியவில்லை என்றதும், இங்கேதான் இருந்திருக்கும் என்று நானே ஊகித்து வைத்திருந்தேன். அவர் விரல் நகத்தால் தட்டிக் காட்டினார். நான் வைத்த இடம் தகரம் போலச் சத்தம் கொடுத்தது. அது மெல்லிய மூடி. நாலு விரல் தள்ளித் தட்டினால் கல் போல ஒலி. அதுதான் பேரிங் இருக்கும் கனமான பாகம். அங்கே அளந்தால் பழைய அளவே வந்தது, முகடும் அடங்கிவிட்டது. என் ‘கண்டுபிடிப்பு’ ஒரு மூடி ஆடியது. அறிக்கையை வைத்து அந்த பம்ப்பை நிறுத்திப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

மீதி மூன்று வாரம் பழைய பதிவுகளைத் தோண்டினேன். ஒவ்வொரு எண்ணும் எந்தப் புள்ளியில் அளந்தது என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன். சிலவற்றில் இல்லை. இறுதி அறிக்கையில் என் ஒரே பரிந்துரை, ஒவ்வொரு புள்ளியிலும் வண்ணம் பூசினாலும் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி சின்ன உலோகத் தட்டு ஒட்டவேண்டும் என்பது. 6 பக்கம் 2 பக்கமாகச் சுருங்கியிருந்தது.

கடைசி நாள் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டர்பைன் கட்டடம் வழியாக ஒரு சுற்று போனேன். இரண்டு பம்ப்களில் தட்டு ஒட்டியாகிவிட்டது. மூன்றாவதற்கான பேப்பர் கையெழுத்துக்குப் போயிருந்தது.