பென்சில் கோடும் சிவிகைக் குறளும்

பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில் இருந்து கட்டுரை கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதிச் சாப்பாடு பற்றி எழுத ஆட்களுக்குக் குறைவிருக்காது. நான் உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த பண்டிதரைப் பற்றி எழுதுகிறேன். சரியாகச் சொன்னால், பொருள் பிடிபடாத பாட்டு வந்தால் அவர் என்ன செய்வார் என்பதைப் பற்றி.

1970களின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் டியூட்டரிகள், அதாவது தனியார் வகுப்புகள், பெருகிக்கொண்டிருந்தன. றோனியோ பண்ணிய குறிப்புகள் கைமாறும். குறளுக்கு நாலு வரிப் பொருள், பாடமாக்கினால் சோதனைக்குப் போதும். பண்டிதர் அவற்றைத் திட்டியதில்லை. ஒருநாள் எங்களில் ஒருவனிடம் இருந்த தாளை வாங்கி, பென்சிலை எடுத்து, பாட்டில் இல்லாமல் உரையில் மட்டும் இருக்கிற சொற்களுக்குக் கீழே கோடு போடச் சொன்னார். தாளில் பாதிக்கு மேல் கோடாகிவிட்டது.

"இதெல்லாம் வருவிச்சது, தம்பி. வருவிக்கலாம், பிழையில்லை. ஆனால் எவ்வளவு வருவிச்சவர் எண்டு தெரியாமல் நம்பக்கூடாது."

அன்றிலிருந்து எந்த உரையைப் படித்தாலும் அதுதான் எங்களுக்கு வேலை. அவர் கையில் பரிமேலழகர் உரை இருக்கும். 1861இல் ஆறுமுக நாவலர் பதிப்பித்தாரே, அதன் வழியில் வந்த பிந்திய அச்சு ஒன்று. அட்டை கழன்று நூல் கட்டியிருந்தது. அதிலும் பென்சில் கோடுகள்தான். பரிமேலழகருக்கே கோடா என்று வெளியில் யாரும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த முறை உரசிப் பார்க்கப்பட்டது அறன் வலியுறுத்தல் அதிகாரம் படித்தபோது.

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.

37ஆம் குறள். பண்டிதர் பரிமேலழகரை அப்படியே வாசித்தார். அறத்தின் பயன் இது என்று நூல்களைக் காட்டி உணர்த்த வேண்டியதில்லை. சிவிகையை, அதாவது பல்லக்கைக் காவுவானோடு (சுமக்கிறவனோடு) அதில் ஏறிப் போகிறவனைப் பார்த்தாலே கண்கூடாக உணரப்படும். இதுதான் உரையின் சாரம். முற்பிறப்பில் அறம் செய்தவன் மேலே, செய்யாதவன் கீழே.

பின் வாங்கில் இருந்து ஒருவன் எழும்பினான். ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போக உரிமை கேட்டு 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடத்திய போராட்டம் எல்லோருக்கும் நினைவிருந்த காலம் அது. அவனுடைய ஆட்களும் அந்த வாசலில் நின்றவர்கள்.

"சேர், அப்ப காவினவன் பாவம் செய்தவன் எண்டு வள்ளுவரே சொல்லுறாரோ?"

வகுப்பில் சத்தமே இல்லை. பண்டிதர் சமாதானமாக எதுவும் சொல்லவில்லை. வெண்கட்டியை அவனிடமே நீட்டி, "வந்து கோடு போடு" என்றார்.

அவன் கோடு போட்டான். முதலில் 'உணரப்படும்'. பாட்டில் அந்தச் சொல் இல்லை. அது இல்லாமல் பரிமேலழகரின் வாக்கியம் முடியாது. அடுத்து 'பயன்'. பாட்டில் இருப்பது 'ஆறு', அதாவது வழி. பயன் வழிக்குப் பின்னால் வருவதால் அதை 'ஆறு' என்றார் என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். நியாயம்தான், ஆனால் சுற்றி வளைத்த நியாயம். நூல் சான்றும் கண்கண்ட சான்றும்கூட உரையில் வந்து சேர்ந்தவையே.

பிறகு பண்டிதர் மற்றப் பொருளைப் பக்கத்தில் எழுதினார். பல்லக்கைச் சுமக்கிறவனுக்கும் ஏறிப் போகிறவனுக்கும் இடையில், 'அறத்தின் வழி இதுதான்' என்று சொல்ல வேண்டாம். இதற்குக் கோடு போட்டால் 'சொல்ல' என்ற ஒரு சொல்தான் விழுகிறது. பின் வாங்குக்காரன் முகத்தில் சிரிப்பு.

"சிரியாதை, இன்னும் முடியேல்லை" என்றார் பண்டிதர். "முன்னுக்கும் பின்னுக்கும் பார்."

முன் குறள், அறம் 'பொன்றுங்கால் பொன்றாத் துணை' என்கிறது. பின் குறள், நாள் வீணாகாமல் அறம் செய்தால் அது 'வாழ்நாள் வழியடைக்கும் கல்' என்கிறது. இரண்டுமே இறப்பையும் மறுபிறப்பையும் தொடுபவை. நடுவில் 37ஐ வைத்தால் பரிமேலழகர் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. சரி, பரிமேலழகர் வென்றார் என்று நினைத்தோம். அப்போது பண்டிதர் இன்னொன்றைப் போட்டார்: அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை உரைக்கு உரை மாறும். மணக்குடவர் வரிசை ஒன்று, பரிமேலழகர் வரிசை இன்னொன்று. நாங்கள் 'முன்னும் பின்னும்' என்று சாட்சிக்கு அழைத்த வரிசையே உரைகாரருடைய கைவேலையாக இருக்கலாம்.

முன் வாங்குப் பிள்ளை ஒருத்தி 34ஆம் குறளைத் தூக்கினாள். 'மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன். ஆகுல நீர பிற.' மனம் சுத்தமாக இருப்பதுதான் அறம், மற்றதெல்லாம் ஆரவாரம் என்று இதே அதிகாரத்தில் சொன்னவர், பல்லக்கு ஆரவாரத்தையா அறத்துக்கு அத்தாட்சியாகக் காட்டுவார்? எனக்கு இன்றும் இரண்டாம் பொருளின் பக்கமே மனம் சாய்வதற்கு அவள் கேட்ட அந்தக் கேள்விதான் காரணம்.

ஆனால் பரிமேலழகரைத் தூக்கி எறிய என்னால் முடிவதில்லை. 'உணரப்படும் என்பது சொல்லெச்சம்' என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். தான் சேர்த்ததைத் தானே காட்டிக் கொடுக்கிற மனிதர்! இப்போது வருகிற எளிய உரைகள் பலவற்றில் அந்த நாணயம் இல்லை. மாற்றிப் பொருள் சொல்லலாம். எதைச் சேர்த்தோம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் என்ன?

கோடே விழாத பாட்டும் உண்டு. குறுந்தொகை 25, கபிலர் பாடியது. தலைவன் களவில், அதாவது ஊரறியாத காதலில், சேர்ந்தபோது 'யாரும் இல்லை' என்று தலைவி தொடங்குகிறாள். முடிக்கும்போது 'குருகும் உண்டு' என்கிறாள். யாருமே இல்லை என்றவள் குருகை, அந்தக் கொக்கை, ஏன் இழுக்கிறாள்? பண்டிதர் உரைப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நாவற்குழிப் பக்கம் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளிடம், தண்ணீரில் நிற்கிற கொக்கைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பக்கத்தால் பஸ் போனாலும் தலை திரும்பாது, கண் மீனில். கபிலரின் குருகு 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்' குருகு. ஓடுகிற தண்ணீரில் வருகிற ஆரல் மீன் இமைக்கிற நேரத்தில் போய்விடும். அங்கே நின்றது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. தினைத்தாள் போன்ற அந்தச் சிறு பசுங்கால்வரை இவளுக்கு நினைவிருக்கிறது. அவன் மறுத்தால் சாட்சி சொல்ல அதற்கு எதுவும் தெரியாது. இவ்வளவும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

குறளிலும் 25ஆம் பாட்டில் ஒரு வில்லங்கமான சாட்சி வருகிறான். எண் ஒத்துப்போனது தற்செயல். ஐம்புலனை அடக்கியவனுடைய ஆற்றலுக்கு 'இந்திரனே சாலும் கரி'. அடக்கத் தெரியாத இந்திரன் எப்படிச் சாட்சி? அடக்காமல் சாபம் பெற்றதாலேயே அடக்கியவனின் ஆற்றலைக் காட்டினான் என்கிறார் பரிமேலழகர். அகலிகை கதை முழுவதும் வருவித்தது. பாட்டில் சாபமும் இல்லை, அகலிகையும் இல்லை. முனிவர்கள் தவம் செய்யும்போதெல்லாம் பதவி போய்விடும் என்று நடுங்குகிறவன் அவன், அதனால் அவனுக்குத்தான் அந்த ஆற்றல் தெரியும் என்றும் சொல்லலாம். அதுவும் வருவித்ததுதான். இதில் எது சரி என்று பண்டிதர் கடைசிவரை சொல்லவில்லை. சோதனைக்கு மட்டும், "முதலிலை பரிமேலழகரை எழுதுங்கோ, மார்க்ஸ் போடுறவர் அதைத்தான் தேடுவார்" என்றார்.

இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் சில குடும்பங்கள் கூடிக் குறள் வாசிக்கிறோம். ஜி. யு. போப் 1886இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 37ஆம் குறளில் பரிமேலழகர் வழியிலேயே போகிறது. அதை வாசித்த இங்கு பிறந்த பிள்ளை ஒருத்தி, பின் வாங்குக்காரன் கேட்ட அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள். பென்சிலைக் கொடுத்தோம்.

அவளுக்குச் சொல்ல முடியாமல் போன ஒன்றுண்டு. 'இடை' என்பதை வைத்து இந்தக் குறளுக்கு மூன்றாவதாகவும் ஒரு பொருள் இருக்கலாம் என்று பண்டிதர் ஒருநாள் எழுதிப்போட்டார். என் கொப்பி 1995 இடம்பெயர்வோடு போய்விட்டது. அந்த ஆண்டுகளில் கலைப்பிரிவில் படித்தவர்கள் யாரிடமாவது அவருடைய குறிப்புகள் இருந்தால், படம் பிடித்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். கையெழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை. பென்சில் கோடுகளும் தெரியும்படி எடுங்கள்.