'நோ டிஸ்க்' என்று அடம்பிடித்த பிளேயரும் நான்கு பிட்டும்

ஒருவழியாக என் பழைய டிவிடி பிளேயர், கம்ப்யூட்டரில் நான் பர்ன் செய்த, அதாவது படம் எழுதிய, டிவிடி பிளஸ் ஆர் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டுவிட்டது. இத்தனை நாளும் டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும், கரகரவென்று இரண்டு முறை தேடும், அப்புறம் திரையில் 'நோ டிஸ்க்' என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதே டிஸ்க் கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிற வெரிஃபையும் பாஸ். ஃபைனலைஸ் ஆகியிருக்கிறது, வீடியோ டிஎஸ் ஃபோல்டர் சரி, யுடிஎஃப் 1.02 சரி, படம் எம்பெக் 2, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். பிளேயர் கேட்கிற வழக்கமான நிபந்தனைகள் எல்லாம் சரி என்றுதான் இதற்கு அர்த்தம்; இவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. டிஸ்க் பர்ன் செய்கிறவர்களுக்கு இது மனப்பாடம்.

ஒரே முறை எழுதக்கூடிய டிவிடியில் பிளஸ் ஆர், மைனஸ் ஆர் என்று இரண்டு வகை; கோளாறும் இரண்டு வகை. பிளஸ் ஆர் டிஸ்க்குகளைப் பிளேயர் அடையாளமே காணவில்லை. மைனஸ் ஆர் டிஸ்க்குகளை அடையாளம் கண்டது, மெனு வந்தது, படமும் ஓடியது. முக்கால்வாசி தாண்டியதும் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே உறைந்து நின்றது. இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் விடிவே கிடையாது.

முதல் கோளாறுக்கு வருகிறேன். பிளஸ் ஆர் சந்தைக்கு வந்தது 2002-இல். என் பிளேயர் அதற்கு மூத்தது. டிஸ்க்கின் தொடக்கத்தில், படத்துக்கு முன்னால் வரும் லீட்-இன் பகுதியில், டிஸ்க் எந்த வகை என்று சொல்லும் 'புக் டைப்' என்று நான்கே நான்கு பிட் இருக்கிறது. அதில் 0 என்றால் டிவிடி ரோம், அதாவது தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க். 2 என்றால் மைனஸ் ஆர். 10 என்றால் பிளஸ் ஆர். பிளேயர் அந்த எண்ணைப் பார்க்கிறது, தன் பட்டியலில் 10 என்று ஒன்று இல்லை, கதவைச் சாத்திவிடுகிறது. உள்ளே இருக்கும் படத்தைப் படிக்க அது முயன்று பார்ப்பதுகூட இல்லை.

இதற்கு மருந்து பிட்செட்டிங். பர்ன் செய்யும்போதே அந்த 10-ஐ 0 ஆக எழுதச் சொல்லி பிளஸ் ஆருக்கு ரோம் வேடம் போட்டுவிடலாம். மைனஸ் ஆரில் இந்த வித்தை நடக்காது. அதன் வகை தொழிற்சாலையிலேயே பதிந்து வருகிறது. அழித்து எழுதக்கூடிய பிளஸ் ஆர்டபிள்யூவில் பர்ன் செய்த பிறகும் மாற்றலாம். சாதாரண பிளஸ் ஆரில் ஒரே வாய்ப்புதான், அதுவும் எழுதுவதற்கு முன்னால்.

கேட்பதற்குச் சுலபம். பர்ன் செய்யும் மென்பொருளான இமேஜ்பர்னில் ரைட் மோடுக்குப் போனால் கீழே ஒரு சின்னப் புத்தகப் படம் இருக்கும். அதை அழுத்தினால் டிரைவ் தயாரிப்பாளர் வாரியாக டேப்கள் வரும். நம் டிரைவுக்குரிய டேபில் பிளஸ் ஆர் டிஸ்க்குகளை டிவிடி ரோம் என்று மாற்றச் சொல்லி 'சேஞ்ச்' கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எரர். டிரைவ் பிட்செட்டிங்குக்குப் பேர்போன மாடல், அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரும் புதுசு, ஆனாலும் மாட்டேன் என்றது.

குற்றவாளி டிரைவ் இல்லை, அதைப் போட்டு வைத்திருந்த யுஎஸ்பி பெட்டி. பிட்செட்டிங் பொதுவான கட்டளை அல்ல. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென்று வைத்திருக்கிற கட்டளை. டிரைவின் சாட்டா இணைப்பையும் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியையும் இணைக்கிற பிரிட்ஜ் சிப்களில் சில, தமக்குத் தெரிந்த வழக்கமான கட்டளைகளை மட்டும் கடத்திவிட்டு இந்த மாதிரி ரகசியக் கட்டளைகளை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. படிப்பது, எழுதுவது எல்லாம் ஒழுங்காக நடப்பதால் பெட்டியின் மேல் யாருக்குமே சந்தேகம் வராது. டிரைவைக் கழற்றி மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேராகச் செருகினேன். அடுத்த 'சேஞ்ச்' சத்தமில்லாமல் நிறைவேறியது.

அது நிஜமாகவே எழுதப்பட்டதா என்று பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பர்ன் முடிந்ததும் இமேஜ்பர்னின் வலப்பக்கத் தகவல் பலகையில் புக் டைப் இரண்டு இடங்களில் தெரியும். மேலே 'ஏடிஐபி' என்ற தலைப்பின் கீழ் இருப்பது டிஸ்க்கின் பள்ளத்திலேயே தொழிற்சாலை பதித்த தகவல். அது சாகும்வரை பிளஸ் ஆர் என்றுதான் சொல்லும். கீழே 'லாஸ்ட் ரெக்கார்டட்' என்ற தலைப்பில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே டிவிடி ரோம் என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று: சில டிரைவ்கள் இந்த அமைப்பை நிரந்தரமாக நினைவில் வைத்துக்கொள்ளும், சில டிரைவ்கள் கரண்ட் போனதும் மறந்துவிடும். எனவே பர்ன் செய்யும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது என் பழக்கமாகிவிட்டது.

அந்த டிஸ்க்கைப் பிளேயரில் போட்டேன். தேடல் இல்லை, முனகல் இல்லை, நேராக மெனு! இவ்வளவு பெரிய பிளேயரை மடக்க நான்கு பிட் போதுமாக இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது.

சரி, கடைசியில் உறைகிற மைனஸ் ஆர் கதை. டிவிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுகிறது. 16 எக்ஸில், அதாவது அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கில், பர்ன் செய்தால் பெரும்பாலான டிரைவ்கள் உள்ளே ஆறரை எக்ஸ் வாக்கில் தொடங்கி, வெளி விளிம்பில்தான் 16-ஐத் தொடும். வேகம் உச்சத்தில் இருக்கிற அதே இடத்தில்தான் தகவல் எழுதப்படும் சாயப்பூச்சும் சீராக இல்லாமல் போக வாய்ப்பு அதிகம், டிஸ்க்கின் ஆட்டமும் அதிகம். டிஸ்க்கின் தரத்தைச் சோதிக்கும் நீரோ டிஸ்க்ஸ்பீடில் ஸ்கேன் எடுத்தபோது, படிப்பதில் வரும் பிழைகளைக் காட்டும் பிஐ எரர் கோடு முக்கால்வாசி தூரம் தரையோடு தரையாகக் கிடந்தது. பிறகு செங்குத்தாக ஏறி, எட்டு ஈசிசி பிளாக்குக்கு (பிழைதிருத்தத்தோடு கூடிய தகவல் தொகுதி) 280 என்ற வரம்பையும் தாண்டிப் போனது. படம் உறைகிற இடமும் அதுவேதான்.

அப்படியானால் வெரிஃபை எப்படிப் பாஸ் ஆனது? கம்ப்யூட்டர் டிரைவுக்கு அவசரமில்லை. படிக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்து மறுபடி மறுபடி படிக்கும். படம் ஓட்டுகிற பிளேயருக்கு அந்தச் சொகுசு கிடையாது. முன்கூட்டிப் படித்து வைத்த கையிருப்பு தீர்வதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும். வெரிஃபை பாஸ் என்பது அந்த டிரைவ் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிற சான்றிதழ். இப்போதெல்லாம் நான் புது டிஸ்க்கைப் பிளேயரில் போட்டதும் நேராகக் கடைசிச் சாப்டருக்குத் தாவிவிடுகிறேன். அங்கே ஓடினால் மற்ற இடங்களில் ஓடும் என்று நம்பலாம்.

வேகத்தைக் குறைத்தேன், ஆனால் அடிமட்டத்துக்கு இல்லை. 'முடிந்தவரை மெதுவாக எழுது' என்ற பழைய உபதேசம் 16 எக்ஸ் டிஸ்க்குக்குப் பொருந்தவில்லை. 4 எக்ஸில் எழுதிய டிஸ்க்கின் ஸ்கேன் 8 எக்ஸில் எழுதியதைவிட மோசமாக வந்தது. லேசரை எப்படித் துடிக்க வைப்பது என்ற கணக்கு வேகத்துக்கு வேகம் வேறு; 16 எக்ஸ் டிஸ்க்கின் சாயம் அவ்வளவு மெதுவான எழுத்தை மனதில் வைத்துச் செய்ததும் அல்ல. என் டிரைவுக்கும் இந்த டிஸ்க்குக்கும் 8 எக்ஸ்தான் ராசி. கூடவே டிஸ்க்கின் கொள்ளளவான 4.38 ஜிபியையும் விளிம்புவரை நிரப்பாமல் 4.2-இல் நிறுத்திக்கொள்கிறேன். வீடியோவுக்கு 9.8 எம்பிபிஎஸ் வரை அனுமதி இருந்தாலும் உச்சத்தை 8-க்கு மேல் விடுவதில்லை.

டிஸ்க் வாங்குவது பற்றி ஒரு புலம்பல். உறை மேல் உள்ள பெயரை நம்பவே வேண்டாம், டிஸ்க்கை உண்மையில் செய்தவர் யார் என்று காட்டும் மீடியா கோடைப் பாருங்கள். கடைசியாக வாங்கிய ஸ்பின்டிலில் (டிஸ்க் அடுக்கு) மேல் டிஸ்க்குகள் ஒரு கோடு, அடியில் இருந்தவை வேறு கோடு. விற்றவரிடம் கேட்டால் 'எல்லாம் டிவிடிதானே' என்கிறார்! மிட்சுபிஷி கெமிக்கலின் எம்சிசி என்று தொடங்குகிற கோடு கிடைத்தால் விட மாட்டேன். நல்ல டிஸ்க்குக்குப் பேர்போன ஜப்பானிய நிறுவனமான தையோ யூடன் 2015 முடிவோடு இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. இருக்கும் சிலவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். டிஸ்க் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

உறைந்து போகிற பழைய டிஸ்க்குகளை இன்னும் மறுபடி எழுதி முடிக்கவில்லை. அதற்குள் மனம் இரண்டு அடுக்குகளில் எழுதும் டபுள் லேயர் டிஸ்க்குக்குப் போய்விட்டது. பிளஸ் ஆர் டபுள் லேயருக்குப் பல டிரைவ்கள் தாமாகவே ரோம் என்று எழுதிவிடுவதால் அந்தத் தலைவலி இல்லை. முதல் லேயரிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுகிற லேயர் பிரேக்தான் படுத்துகிறது. முதல் லேயரில் தகவல் இரண்டாவதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது, பிரேக் ஒரு செல்லின் (வீடியோவின் ஒரு துண்டு) தொடக்கத்தில் விழ வேண்டும், அந்த இடம் 16 செக்டாரின் (டிஸ்க்கின் சிறு தகவல் அலகு) மடங்காகவும் இருக்க வேண்டும். என் வீடியோவில் நடுப்பகுதியில் சாப்டரே, அதனால் புதுச் செல்லே, இல்லாததால் இமேஜ்பர்ன் காட்டுகிற பட்டியலில் உருப்படியான இடம் ஒன்றுகூட இல்லை. பாதி தாண்டியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாப்டர் வைத்து மறுபடி ஆத்தரிங் (டிவிடி வடிவில் கட்டுவது) செய்யப் போட்டிருக்கிறேன்.