வட்டம் போடப் பழகிய கை

என் சயா எனக்கு முதல் ஆறு மாதம் வட்டம் மட்டும்தான் போடக் கொடுத்தார். பர்மியர்கள் ஆசிரியரை சயா என்பார்கள், ரங்கூனில் பிறந்து வளர்ந்த நாங்களும் அப்படியேதான் கூப்பிடுகிறோம். அவர் போர்டு எழுதுகிறவர், பஸ்ஸுக்கு நம்பர் எழுதுகிறவர். ஒரு பழைய தகரத்துக்குக் கறுப்பு அடித்துச் சுவரில் சாய்த்து வைத்து, பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "போடு" என்றார். ஒரு வட்டத்துக்கு இரண்டே இழுப்பு. உச்சியிலிருந்து இடது பக்கமாக இறங்கி ஒன்று, அதே உச்சியிலிருந்து வலது பக்கமாக இறங்கி இன்னொன்று, கீழே இரண்டும் சேருகிற இடத்தில் ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது. தெரிந்தால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடியும்.

பர்மிய எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்கு இதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அழகை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். முழு வட்டம் போட்டால் அது 'வ'. அந்த வட்டத்தின் மேல்பக்கத்தைத் திறந்துவிட்டால் 'ப'. வலது பக்கத்தைத் திறந்தால் 'ங'. கீழே திறந்தால் க வரிசையில் மூன்றாவது எழுத்து. கண் டாக்டரிடம் போனால் வளையத்தில் எந்தப் பக்கம் வெட்டு இருக்கிறது என்று கேட்டு ஓர் அட்டையைக் காட்டுவார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. பூஜ்யமும் வட்டம்தான். ஆக வட்டம் வந்துவிட்டால் பாதி நெடுங்கணக்கு கைக்கு வந்த மாதிரி. சயா இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னதே இல்லை, ஆறு மாதம் கழித்து ஒரு டீக்கடைப் போர்டை என்னிடம் விட்டுவிட்டு எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்து டீ குடித்தார். நான் எழுதி முடித்தபோது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு முன்பே தெரிந்த ஒன்றாக இருந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் எழுதி முடிக்கும் முன்பே ஒரு சைக்கார், அதாவது இங்கத்திய சைக்கிள் ரிக்ஷா, ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி, பாதிப் போர்டைப் படித்து, மீதி என்னவாக இருக்கும் என்று காத்திருந்தார். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் நான் அந்த வேலையை விட்டேன்.

விட்டதற்குக் காரணம் இருந்தது. வினைல் பேனர் வந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், கையால் எழுத மூன்று நாள் கேட்கிற ஆளை யார் தேடி வருவார்கள். 2012க்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வரத் தொடங்கினார்கள். போஜ்யோக் மார்க்கெட்டில், நாங்கள் இன்னமும் ஸ்காட் மார்க்கெட் என்று சொல்கிற இடத்தில், படக் கடைகளில் நல்ல வியாபாரம். நான் படம் வரைவேன் என்று தெரிந்த ஒருவர் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். போர்டு எழுதுவது பிழைப்பு, படம் வரைவதுதான் கலை என்று எனக்குள்ளும் ஒரு எண்ணம் இருந்தது. சந்தோஷமாகத்தான் போனேன்.

அங்கே கேட்டது மூன்று படம். சிவப்புக் குடையோடு வரிசையாக நடக்கிற இளம் பிக்குகள், இன்லே ஏரியில் ஒற்றைக் காலால் துடுப்புப் போடுகிற மீனவர், மாலை வெயிலில் பாகான் கோபுரங்கள். இவற்றைத் தவிர வேறெதுவும் விற்காது என்றார்கள். முதல் பத்துப் படம் ஆசையாக வரைந்தேன். ஐம்பதாவது படம் வரும்போது குடையைப் பார்க்காமலே போட வந்தது, பிக்குவின் முகம் இருக்கிற இடத்தில் ஒரு பழுப்புப் பொட்டு, அவ்வளவுதான். அந்தக் கடைக்காரர் காசையும் இழுத்தடித்தார், கடைசி பதினாலு படத்துக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் எனக்குக் கசந்தது காசு விஷயம் இல்லை. படம் எங்கே போகிறது, யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, பார்க்கிறவர் அதில் என்ன பார்க்கிறார் என்று ஒன்றுமே தெரியாது. கடைக்காரர் சுருட்டி ஒரு குழாயில் போட்டுக் கொடுப்பார், விமானம் ஏறிவிடும்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததால் சலித்துவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். அது சரியில்லை. வட்டத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன், அது ஒரு நாளும் சலித்ததில்லையே.

2020இல் நோய் வந்து மார்க்கெட்டே பூட்டப்பட்டது, அதற்குப் பிறகு நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. தூண்டுதல் வரட்டும், வந்தால் வரையலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. காலையில் மொகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்கப் போவேன், திரும்பி வருவேன், மின்சாரம் எப்போது வரும் என்று பார்ப்பேன், அப்படியே பொழுது போகும்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து அம்மன் கோயில் தலைவர் ஒரு பேனரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். திருப்பணிக்குக் கொடுத்தவர்கள் பட்டியல், அச்சடித்து வாங்கியிருக்கிறார்கள். தரையில் விரித்துப் போட்டு, "தம்பி, நீங்களே பாருங்க. சாமி சந்நிதியில மாட்டுறதா இது?" என்றார். பார்த்தேன். அந்தக் கடையின் கம்ப்யூட்டருக்குத் தமிழ் சரியாகத் தெரியவில்லை. பொன்னம்மாள் என்ற பெயரில் கொம்பு 'ப'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. பல இடங்களில் புள்ளி எழுத்தை விட்டு விலகி ஒரு வெற்று வளையத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது. பர்மிய எழுத்துக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. ஸௌஜி என்ற பழைய எழுத்துருவை விட்டு யுனிகோடுக்கு மாறச் சொல்லி 2019 அக்டோபரில் அரசே நாள் குறித்தது, அந்தச் சமயத்தில் குளறுபடியாக அச்சான எத்தனையோ பேனர்களைத் தெருவில் பார்த்திருக்கிறேன். ஆனால் கடைப் பெயர் குழம்பினால் வேறு பேனர் அடித்துக்கொள்ளலாம். செத்துப்போன அம்மா பெயரில் காசு கொடுத்தவர் அந்தப் பெயரை உடைந்த எழுத்தில் பார்க்க வேண்டுமா?

"சுவத்துலயே எழுதிடலாம்ணே" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

ஜூலை மாதம், நல்ல மழை. ரங்கூன் மழையில் எனாமல் வேலை எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். காய்வதற்குள் ஈரக்காற்று பட்டால் பளபளப்பு செத்து மேலே வெள்ளை பூத்துவிடும். மண்டபத்துக்குள்ளே கூரைக்குக் கீழேதான் சுவர் என்றாலும் ஒரு கோட் காய இரண்டு நாள் ஆனது. மஞ்சள் தரையில் நீல எழுத்து, எண்பத்து நான்கு பெயர். சாக்பீஸ் தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துத் தட்டினால் கோடு விழும், அப்படி வரிக்கு வரி கோடு அடித்துக்கொண்டு ஆரம்பித்தோம்.

என்னோடு ஒரு பர்மியப் பையன் வேலை கற்றுக்கொள்கிறான். பத்தொன்பது வயது, தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. நான் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அவன் கோடு மட்டும் கட்டுவான், நான் நிரப்புவேன் என்று ஏற்பாடு. 'ழ'வைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். "சயா, இதுக்குள்ள எங்க வட்டம் இருக்கு?" என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி நாள் முழுக்க மனதில் ஓடியது. நான் 'ழ'வைப் படித்துத்தான் பழக்கம், பார்த்துப் பழக்கமில்லை. அவனுக்காக அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு நிமிர்ந்த கோடு, வலது பக்கம் ஒரு வளைவு, கீழே இறங்கித் திரும்புகிற ஒரு வால், அந்த வால்தான் வட்டத்தின் கால்பங்கு. அவன் போட்ட 'ழ' என்னுடையதைவிட நன்றாக இருந்தது, உண்மையாகவே. 'ல'வுக்கும் 'ள'வுக்கும் 'ழ'வுக்கும் வாய்க்குள் நாக்கு எங்கே போகிறது என்று அவனுக்குச் சொல்லிக் காட்டினேன், மூன்றையும் ஒரே மாதிரிச் சொன்னான், இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பலரும் அப்படித்தானே சொல்கிறார்கள். கொம்பை மட்டும் அவன் உடனே பிடித்துக்கொண்டான். பர்மியத்திலும் ஏ ஒலிக்கு எழுத்துக்கு முன்னால்தான் அடையாளம் வரும், ஒலி மட்டும் பின்னால். "நம்ம மாதிரியே" என்றான். இரண்டு எழுத்துக்கும் மூலம் பிராமி என்று நான் சொன்னதைவிட, அவன் கை அதைக் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிற வாத்தியார் ஒரு நாள் வேலையைப் பார்த்துக்கொண்டே, இந்த மாதிரிப் பட்டியல் இந்த நாட்டில் புதுசு இல்லை என்றார். பாகானில் கிடைத்த ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். 13ஆம் நூற்றாண்டு, சமஸ்கிருதச் சுலோகம் ஒன்று, மீதி தமிழ். மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்ற ஊரில், அதாவது பாகானில், நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் எரிவதற்கு ஒரு விளக்கும் கொடுத்திருக்கிறார். மார்க்கெட்டுக்காகப் பாகான் கோபுரத்தை அத்தனை தடவை வரைந்திருக்கிறேன், அந்த ஊரில் தமிழில் ஒரு கல் இருந்தது எனக்குத் தெரியாது. நம்பியைவிட எனக்கு உளி பிடித்தவர்மேல்தான் நினைவு போனது. சுற்றிலும் வேறு எழுத்துப் படிக்கிற ஊரில் உட்கார்ந்து அவர் தமிழைச் செதுக்கியிருக்கிறார். யாராவது படிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்காதா?

அந்த இடத்தில்தான் எனக்குப் படக் கடையில் என்ன குறைந்தது என்று புரிந்தது. எழுத்துக்குப் படிக்கிற ஆள் உண்டு. தப்பாக எழுதினால் ஒருவருக்கு வலிக்கும், சரியாக எழுதினால் ஒருவர் நின்று பார்ப்பார். படம் வரைகிறவர்களுக்கும் அப்படி ஓர் ஆள் இருக்கலாம், எனக்கு அந்த மார்க்கெட்டில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதாவது பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்தார். மழையில் நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, நேராகச் சுவரிடம் வந்து நின்றார். சின்ன வயதில் கோயில் பள்ளியில் படித்தாராம், 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மவர்கள் கப்பல் ஏறிய காலத்தில் அவருடைய அண்ணன்மார் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், இவர் இங்கேயே தங்கிவிட்டார், அதற்குப் பிறகு தமிழ் படிக்கச் சந்தர்ப்பமே அதிகம் இல்லை என்றார். வீட்டுக்காரர் பெயரில் மகன் காசு கொடுத்திருக்கிறான், அது எங்கே இருக்கிறது என்று தேட வந்திருக்கிறார்.

"நான் காட்டட்டுமா பாட்டி?"

"வேண்டாம்ப்பா. கொஞ்சம் இரு, நானே படிச்சுப் பாக்குறேன்."

முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தார். விரலைச் சுவரில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, சத்தமாக. ரா, ம, சா, மி. சில எழுத்தில் நின்றார், பின்னால் போனார், சேர்த்துச் சொன்னார். கால் வைத்த எழுத்துகளில் தடுமாறவில்லை, ஐகாரத்தில்தான் கொஞ்சம் யோசித்தார். பையன் நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். பதினேழாவது வரியில் வீட்டுக்காரர் பெயர் வந்தது, அதைச் சொன்னார், ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த பெயருக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கும். நான் எழுதியிருந்த கடைசிப் பெயர் வரைக்கும் படித்தார், அதில் பாதிதான் இருந்தது, "மீதி எங்க?" என்று கேட்டார்.

பிரஷ்ஷில் இருந்த நீலம் அதற்குள் இறுகியிருந்தது. இரண்டு தடவை டர்பன்டைனில் கழுவிவிட்டுத்தான் மீதியை எழுத முடிந்தது.