கிக்கருக்கு இரண்டாம் சுற்றா?

ஏப்ரலில் என்.எஃப்.எல் டிராஃப்ட் (அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்தாலே எனக்கு ஒரு கவலை தொற்றிக்கொள்ளும்: எந்த அணியாவது அவசரப்பட்டு கிக்கரையோ (புள்ளிக்காக உதைப்பவர்) பன்ட்டரையோ (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துத் தள்ளுபவர்) எடுத்துவிடுமோ என்று. ஆட்டத்தில் 60, 70 முறை மோதும் முன்வரிசை வீரர்களான லைன்மேன்கள் காத்திருக்க, சில உதைகளுக்காக மட்டும் களமிறங்குபவரை முன்னால் எடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

2016-இல் டாம்பா பே அணி செய்ததைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து, இரண்டாம் சுற்றின் கடைசிப் பகுதிக்கு ஏறி, 59-ஆவது ஆளாக கிக்கர் ராபர்ட்டோ அகுவாயோவை எடுத்தார்கள். கல்லூரியில் கூடுதல் புள்ளி உதை ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். முதல் சீசனில் 31 ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) முயற்சிகளில் 22தான் உள்ளே போயின. அடுத்த ஆகஸ்டில் வெளியே அனுப்பிவிட்டார்கள். பாவம், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாரம் அந்தப் பையன் தலையில் விழுந்தது.

முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட கிக்கர் செபாஸ்டியன் ஜனிகோவ்ஸ்கியைச் சொல்வீர்கள். சரி, 2000-இல் அவரை எடுத்த ரெய்டர்ஸ் அணிக்காக அவர் பல வருடங்கள் உதைத்தார். ஆனால் கிக்கர் ஆடம் வினட்டியேரியை 1996-இல் யாருமே டிராஃப்டில் எடுக்கவில்லை. பேட்ரியட்ஸ் அணிக்கு இரண்டு சூப்பர் பௌல் இறுதிப் போட்டிகளைக் கடைசி நேர உதையில் வென்று தந்தவர் அவர்.

எனக்கு இன்னும் ஆறாதது 2012. ஜாக்சன்வில் 70-ஆவது இடத்தில் பன்ட்டர் பிரையன் ஆங்கரை எடுத்தது. ஆங்கர் நல்ல பன்ட்டர்தான், பின்னாளில் டாலஸ் அணியிலிருந்து ப்ரோ பௌலுக்கும் (சிறந்த வீரர்களின் ஆட்டம்) தேர்வானார். ஆனால் 75-ஆவது இடத்தில் சியாட்டில் எடுத்தது, பின்னாளில் சூப்பர் பௌல் வென்ற குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்துபவர்) ரசல் வில்சனை!