திருச்சபை வரலாறு தேர்வு: உபத்திரவத்தையும் துர்உபதேசத்தையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள்

இறையியல் படிப்பில் முதல் வருடம் ஆதித் திருச்சபை வரலாறு எழுதப் போகிறவர்களுக்காக இது. உள்தேர்வில் "முதல் மூன்று நூற்றாண்டுகளின் உபத்திரவங்கள்" என்ற 20 மதிப்பெண் கேள்விக்கு நீரோ முதல் டயோக்ளீஷியன் வரை பத்து பேரரசர்களை வரிசையாக ஒப்பித்து எழுதினேன், 7 வந்தது. ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: "எங்கே, யாரால், எந்தச் சட்டத்தின்படி?"

அந்த மூன்று கேள்விகளோடு மறுபடி படித்தபோதுதான் பாடம் பிடிபட்டது. நீரோ 64ல் செய்தது ரோம் நகரத்தோடு முடிந்தது. அப்புறம் சுமார் 112ல் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை எப்படி விசாரிப்பது என்று கேட்டு, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் வருகிறது. இதைக் கட்டாயம் முழுதாகப் படியுங்கள், இரண்டு பக்கம்தான். 1 பேதுருவின் முதல் வசனத்தில் வருகிற பொந்து, பித்தினியா பகுதிகள்தான் அவருடைய ஆளுகை. டிராஜனின் பதில் இன்னும் முக்கியம்: கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதத்தை ஏற்கக் கூடாது, ஆனால் குற்றம் நிரூபணமானால் தண்டிக்க வேண்டும், மறுதலித்து ரோமத் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடலாம். ஒரு ஊரில் இரத்தசாட்சியும் (விசுவாசத்துக்காக உயிர்விடுதல்) அடுத்த ஊரில் அமைதியும் எப்படி ஒரே சமயத்தில் இருந்தன என்பதற்கு இந்தப் பதிலே போதும்.

பேரரசு முழுக்க ஆணை வந்தது 249–250ல், பேரரசர் டீசியஸ் காலத்தில். எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தில் அந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்கள் சில கிடைத்திருக்கின்றன. ஒன்றில் 72 வயது ஆரேலியஸ் டயோஜெனிஸ், வலது புருவத்தில் தழும்பு என்று அடையாளம் எழுதி, நான் எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையிலும் பலியிட்டேன் என்று விண்ணப்பிக்கிறார். அவர் கிறிஸ்தவரா என்றே தெரியாது, ஆனால் அந்தத் தழும்பைப் படித்த நாளிலிருந்து டீசியஸ் எனக்கு மறக்கவில்லை.

இங்கேதான் அடுத்த பாடமும் தொடங்குகிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. பலியிட்டவர்கள், காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்கள் எல்லோரும் அலை ஓய்ந்ததும் சபைக்குத் திரும்பி வந்து நின்றார்கள். சேர்ப்பதா வேண்டாமா? கார்த்தேஜில் ஆயர் சிப்ரியன் மனந்திரும்புதலின் ஒழுங்கோடு சேர்க்கலாம் என்றார், ரோமில் மூப்பர் நோவேஷியன் கூடாது என்று பிரிந்து போனார். நோவேஷியனைத் துர்உபதேசக்காரர், அதாவது தவறான கோட்பாட்டைப் போதித்தவர், என்று எழுதினால் மதிப்பெண் போகும், திரித்துவத்தில் அவர் சரியாகவே நின்றவர். அது பிளவு. மார்சியனுடையது துர்உபதேசம்: பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றவர், தன் விருப்பப்படி வெட்டிய லூக்காவும் பவுலின் 10 நிருபங்களும் மட்டும் போதும் என்றவர், 144ல் ரோம சபை அவரை விலக்கியது. எவை வேதநூல்கள் என்று சபை தெளிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு அவரும் ஒரு காரணம் என்று சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, நாஸ்டிக் கொள்கையை (இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்ற போதனை) நாத்திகம் என்று எழுதிவிடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வளர்ச்சி பற்றிய கேள்விக்கு இரத்தசாட்சிகளின் இரத்தம் வித்து என்ற, கார்த்தேஜ் எழுத்தாளர் தெர்த்துல்லியனின் கருத்தை எல்லோருமே எழுதுவார்கள். எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கோவில்கள் வெறிச்சோடிக் கிடந்தன, பலி இறைச்சி வாங்க ஆளே அரிதாக இருந்தது என்று பிளினியே சொல்கிறார். அதே கடிதத்தில், சபை ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் எழுதியிருக்கிறார். அந்த இருவரின் பெயர் எங்கும் இல்லை. வளர்ச்சி பற்றி எழுதும்போது அவர்களுக்கு ஒரு வரியாவது கொடுங்கள்.

கடைசியாக, டொனாட்டிஸ்டுகள் (வேதப் பிரதிகளை ஒப்படைத்த ஆயர்களை ஏற்க மறுத்து வட ஆப்பிரிக்காவில் பிரிந்தவர்கள்) பற்றிக் கேள்வி வந்தால், கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் தந்த 313 மிலான் ஆணையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 303ல் டயோக்ளீஷியன் வேதப் பிரதிகளை எரிக்கச் சொன்னபோது பயந்து கொடுத்துவிட்ட ஆயர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.